எந்தச் சோதனையைச் செய்வது? பிசிஆர் முதல் ஹோல் ஜீனோம் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீக்வென்சிங் தரவை அலசிக் கொடுப்பது என் வேலை. மாதத்துக்கு நாலைந்து பேராவது ஹார்டு டிஸ்க்கோடு வந்து "இதுல இருந்து ஏதாவது எடுத்துக் குடுங்க" என்பார்கள். திறந்து பார்த்தால் அவர்கள் தேடுவது அந்தத் தரவில் இருக்கவே வழியில்லை. எந்தச் சோதனை என்று முடிவு செய்த அன்றே அது கைநழுவிப் போயிருக்கும். எம்எஸ்சி, பிஎச்டி மாணவர்களும் சில மருத்துவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைப் பெரும்பாலும் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே போட்டிருக்கிறேன். பெரும்பாலும் மனித மாதிரிகளை வைத்துத்தான் பேச்சு. மேலிருந்து படித்துக்கொண்டு வாருங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

பிசிஆர், சீக்வென்சிங் ரெண்டும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் டிஎன்ஏதானே பார்க்கிறோம்?

பிசிஆர் நகலெடுக்கும் வேலை. இரண்டு ப்ரைமருக்கு (எங்கிருந்து நகலெடுக்க வேண்டும் என்று காட்டும் சின்ன டிஎன்ஏ துண்டுகள்) நடுவில் இருக்கும் துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கித் தரும். துண்டு வந்ததா, எவ்வளவு நீளம், எத்தனையாவது சுற்றில் வந்தது, இவ்வளவுதான் அதிலிருந்து தெரியும். உள்ளே என்ன எழுத்து இருக்கிறது என்று வாசிப்பது சீக்வென்சிங்.

இதில் முக்கியமான விஷயம், எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் பிசிஆர் வைக்க முடியும். ப்ரைமர் போடாத இடத்தைப் பற்றி அது வாயே திறக்காது. சீக்வென்சிங்கில் தெரியாததும் வரும், வேண்டாததும் சேர்ந்து வரும்.

எனக்கு ஒரே ஒரு மாற்றம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியணும். அதுக்கும் என்ஜிஎஸ் பண்ணணுமா?

வேண்டாம். தாராளமாகச் சொல்கிறேன், வேண்டவே வேண்டாம். என்ஜிஎஸ் என்பது கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் வாசிக்கும் சீக்வென்சிங், ஒரு மாற்றத்துக்கு அது எதற்கு? அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டா குளோபின் ஜீனில் ஒரே ஒரு பேஸ் (டிஎன்ஏவின் ஓர் எழுத்து), ஏ இருக்க வேண்டிய இடத்தில் டி. இந்தியாவில் இது முதலில் பதிவானதே 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்த ஒரு எழுத்தைப் பார்க்க ஒரு பிசிஆர் போதும். முதற்கட்டப் பரிசோதனைக்கு டிஎன்ஏ கூட வேண்டாம், ஹீமோகுளோபினை எச்பிஎல்சியிலோ எலெக்ட்ரோஃபோரெசிஸிலோ பிரித்தாலே தெரிந்துவிடும்.

இன்னொன்று இதயத் தசை நோய் சம்பந்தப்பட்டது. எம்ஒய்பிபிசி3 என்ற ஜீனில் 25 பேஸ் காணாமல் போகும் ஒரு மாற்றம் தெற்காசியர்களில் ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையமும் பங்கெடுத்த வேலை அது. 25 பேஸ் வித்தியாசம் என்றால் பிசிஆர் செய்து, ஜெல்லில் ஓட்டி நீளவாரியாகப் பிரித்தால் கண்ணாலேயே பார்க்கலாம். ஆயிரம் பேரிடம் இதை மட்டும் பார்க்க வேண்டும் என்று வருகிறவர் எக்ஸோம் (எல்லா ஜீன்களையும் வாசிக்கும் சோதனை) விலைப்பட்டியலோடு வந்தால் நான் ஜெல் பெட்டியைத்தான் காட்டுவேன்.

சாங்கர் எல்லாம் பழசாயிடுச்சே, இன்னும் யாராவது பண்றாங்களா?

ஒரு நேரத்தில் ஒரு துண்டை வாசிக்கும், 1977-இல் வந்த சீக்வென்சிங் முறைதான், ஆனாலும் இன்றைக்கும் தினமும் ஓடுகிறது. ஒரு ஓட்டத்தில் 700, 800 பேஸ் வரை சுத்தமாக வாசிக்கும். ஜீன் சின்னதாக இருந்தால், அல்லது குடும்பத்தில் ஒருவரிடம் ஏற்கெனவே கண்டுபிடித்த மாற்றம் மற்றவர்களிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், இதைவிட எளிது எதுவும் இல்லை. தரவும் ஒரு சின்ன ஃபைல்தான், எந்த லேப்டாப்பிலும் திறக்கும்.

ஆனால் இரண்டு பலவீனங்கள். ஒன்று, மாதிரியில் 15, 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மாற்றம் வரைபடத்தில் இரைச்சலோடு கலந்துவிடும், கட்டி மாதிரிகளில் இது பெரிய தலைவலி. இரண்டாவது, பலர் யோசிக்காதது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையில் இந்தியாவில் அதிகம் காணப்படும் ஐந்து மாற்றங்களில் ஒன்று, 619 பேஸ் அப்படியே அழிந்துபோவது. சிந்தி சமூகத்தினரிடம் கூடுதல். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஜீனுக்கு இரண்டு பிரதி உண்டு. ஒருவருக்கு ஒரு பிரதியில் இது இருக்கிறது, உங்கள் ப்ரைமரில் ஒன்று அழிந்த பகுதிக்குள் விழுகிறது என்று வையுங்கள். அந்தப் பிரதி பெருகவே பெருகாது. நல்ல பிரதி மட்டும் பெருகி, அழகான, குறையே இல்லாத சீக்வென்ஸ் வரும். நீங்களும் "நார்மல்" என்று எழுதிவிடுவீர்கள். இதற்கு கேப் பிசிஆர் என்று தனியாக இருக்கிறது, அழிந்த பகுதிக்கு இரண்டு பக்கமும் வெளியே ப்ரைமர் வைப்பார்கள்.

அக்கா, கைடு என்ஜிஎஸ்தான் பண்ணணும்னு சொல்றார். பேனல், எக்ஸோம், ஹோல் ஜீனோம், இதுல எதை எடுக்கிறது?

கைடிடம் முதலில் "எந்த ஜீன் என்று நமக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேளுங்கள். மனித ஜீனோம் ஒரு செட்டுக்குச் சுமார் 310 கோடி பேஸ். அதில் புரதத்துக்கான பகுதி ஒன்றரை சதவீதம் அளவுக்குத்தான், ஏறத்தாழ 20,000 ஜீன். அந்தப் பகுதியை மட்டும் பிடித்திழுத்து வாசிப்பது எக்ஸோம். அதிலும் பத்து, ஐம்பது, நூறு ஜீன் என்று பொறுக்கி எடுத்து வாசிப்பது பேனல். எதையும் பொறுக்காமல் மொத்தத்தையும் வாசிப்பது ஹோல் ஜீனோம்.

நோய் தெளிவாகத் தெரிகிறது, காரண ஜீன்களின் பட்டியலும் நன்றாகத் தெரிந்தது என்றால் பேனல். பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்கு பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இன்னும் சில ஜீன்கள், அவ்வளவுதான். இடம் சின்னது என்பதால் அதே செலவில் பல நூறு முறை ஆழமாக வாசிக்கலாம், அலசுவதும் சீக்கிரம் முடியும். குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடு, என்ன நோய் என்றே பிடிபடவில்லை என்றால் எக்ஸோம். அப்போது முடிந்தவரை அப்பா, அம்மா, குழந்தை மூவரையும் சேர்த்துச் செய்யுங்கள். குழந்தையை மட்டும் பார்த்தால் சந்தேகப் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும், பெற்றோரையும் வைத்தால் விரல் விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கும். அந்த இரண்டு கூடுதல் சாம்பிளுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு அப்புறம் ஆறு மாதம் பட்டியலோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

எக்ஸோமில் கிடைக்காமல் போன பிறகும், ஜீனுக்கு வெளியே இருக்கும் பகுதிகளும் பெரிய அமைப்பு மாற்றங்களும் வேண்டும் என்ற போதும் ஹோல் ஜீனோமுக்குப் போகலாம். பிடித்திழுக்கும் கட்டம் இல்லாததால் வாசிப்பும் ஜீனோம் முழுக்க ஓரளவு சமமாக விழும். ஆனால் ஒருவருக்கு 40, 50 லட்சம் இடங்களில் ரெஃபரன்ஸிலிருந்து (ஒப்பிட வைத்திருக்கும் பொது ஜீனோம்) வித்தியாசம் வரும். அதில் எது நோய்க்குக் காரணம் என்று சொல்ல உங்களிடம் ஆள் இருக்கிறாரா?

30எக்ஸ், 100எக்ஸ்ன்னு சொல்றாங்களே, அது அதிகமா இருந்தா நல்லதுதானே?

ஒரு இடத்தைச் சராசரியாக எத்தனை முறை வாசித்தோம் என்பதுதான் அந்த எண். ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருக்கும் ஆளை 5 முறை வாசித்தால், ஐந்து முறையும் நல்ல பிரதியே கையில் கிடைக்கும் வாய்ப்பு 32-இல் ஒன்று. 10 முறை வாசித்தால் அது 1,024-இல் ஒன்றாகக் குறைந்துவிடும். வாசிப்பில் பிழைகளும் உண்டு என்பதால் பிறவி மாற்றங்களுக்கு ஹோல் ஜீனோமில் 30எக்ஸ் என்பது பழகிப்போன அளவு. எக்ஸோமில் சில இடம் வழியும், சில இடம் காயும். அதனால்தான் அங்கே 100எக்ஸ் என்று கேட்கிறோம்.

சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். "சராசரி 120எக்ஸ்" என்ற ரிப்போர்ட்டில் நீங்கள் தேடும் ஜீனின் முதல் எக்ஸான் (ஜீனில் புரதத்துக்கான துண்டுகளில் ஒன்று) 3எக்ஸில் கிடக்கும். ஜி, சி நிறைந்த முதல் எக்ஸான்களுக்கு இது வழக்கமாக நடப்பதுதான். குறி வைத்த பகுதியில் எத்தனை சதவீதம் 20எக்ஸைத் தாண்டியது என்று கேட்டு வாங்குங்கள்.

எக்ஸோம்ல ஒண்ணும் வரல. அப்போ ஜீன்ல பிரச்சினை இல்லைன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தையே எழுத வைத்த கேள்வி இதுதான். எக்ஸோம் தேடியது சின்னச் சின்ன எழுத்து மாற்றங்களை, அதுவும் எக்ஸானுக்குள். உங்கள் நோயின் மாற்றம் அந்த வகையே இல்லையென்றால் எவ்வளவு ஆழமாக வாசித்தாலும் வராது.

டூஷேன் தசைச்சிதைவு நோய்க்கான ஜீனில் 79 எக்ஸான். நோயாளிகளில் 60, 70 சதவீதம் பேருக்கு ஒன்றோ பலவோ எக்ஸான்கள் முழுசாகவே அழிந்திருக்கும். எக்ஸான் எண்ணிக்கையைப் பார்க்க எம்எல்பிஏ என்ற முறை இருக்கிறது, இந்த நோய்க்கு அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எக்ஸோம் தரவிலிருந்தும் வாசிப்பு எண்ணிக்கையை வைத்து ஊகிக்கலாம், நானும் செய்கிறேன், ஆனால் முதல் வழியாக அதை யாருக்கும் சொல்ல மாட்டேன். முதுகுத்தண்டு தசைச்சிதைவில், அதாவது எஸ்எம்ஏவில், 95 சதவீதம் பேருக்கு எஸ்எம்என்1 ஜீனின் 7-ஆம் எக்ஸான் இரண்டு பிரதியிலும் இருக்காது. பக்கத்திலேயே எஸ்எம்என்2 என்று கிட்டத்தட்ட அச்சு அசலான இரட்டை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. என்ஜிஎஸ் வாசிக்கும் 150 பேஸ் நீளத் துண்டு எந்த ஜீனிலிருந்து வந்தது என்று மென்பொருளுக்கே குழப்பம். ஃப்ரஜைல் எக்ஸ் என்ற அறிவுத்திறன் குறைபாட்டு நோய் இன்னொரு கதை, சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 முறைக்கு மேல் அடுக்கி நிற்கும். 150 பேஸ் துண்டால் 600 பேஸைத் தாண்ட முடியுமா? அதற்குத் தனி பிசிஆர் முறையும், பெரிய துண்டுகளின் நீளத்தைப் பார்க்கும் சதர்ன் பிளாட்டும்தான்.

இரண்டாவது கேள்வியில் சொன்ன 25 பேஸ் நினைவிருக்கிறதா? அது இருப்பது இன்ட்ரானில் (எக்ஸான்களுக்கு நடுவில் இருக்கும் பகுதி), எக்ஸான் 33 தொடங்குவதற்கு 41-லிருந்து 17 பேஸ் முன்னால். எக்ஸான் விளிம்பிலிருந்து 10 பேஸ் வரைதான் பார்ப்பது என்று அலசும் ஆள் வெட்டிவிட்டால், ஃபாஸ்ட்க்யூ ஃபைலில் (எந்திரம் தரும் மூலத் தரவு) அது இருந்தும் உங்கள் பட்டியலுக்கு வராது. நானே ஆரம்ப காலத்தில் அப்படி வெட்டிக் கொடுத்தவள்தான்.

மைக்ரோஅரே, கேரியோடைப் எல்லாம் இனிமே எதுக்கு?

குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது கேரியோடைப், அதில் 50 லட்சம் பேஸுக்குக் குறைவான மாற்றம் கண்ணுக்குப் படாது. ஒரு சில்லில் டிஎன்ஏவை ஒட்டவைத்துப் பார்க்கும் மைக்ரோஅரே அதைவிடப் பல மடங்கு நுணுக்கமாக, எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று காட்டும். ஆனால் இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டு, மொத்தத்தில் எதுவும் கூடவோ குறையவோ இல்லை என்றால் மைக்ரோஅரேவுக்கு அது தெரியவே தெரியாது. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிக்கு இன்னும் கேரியோடைப் எழுதிக் கொடுப்பது அதனால்தான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

எந்த மாற்றம் நோயோடு சேர்ந்து வருகிறது என்று பல ஆயிரம் பேரை வைத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கும், ஓரெழுத்து மாற்றங்களைப் பார்க்கும் எஸ்என்பி அரே மலிவான வழி. விடுபட்ட இடங்களைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். அப்படி நிரப்ப நம் மக்களை ஒத்த ரெஃபரன்ஸ் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

லாங் ரீட் வந்துடுச்சே, இனி எல்லாத்துக்கும் அதையே பண்ணிடலாமே?

ஆசையாகத்தான் இருக்கிறது. பாக்பயோ ஹைஃபை ஒரு வாசிப்பில் 15,000 பேஸ் அளவுக்கு 99.9 சதவீதத் துல்லியத்தோடு கொடுக்கும், நானோபோர் லட்சம் பேஸைக்கூடத் தாண்டும். மனித ஜீனோமில் 2003-க்குப் பிறகும் வாசிக்க முடியாமல் கிடந்த கடைசி 8 சதவீதம் 2022-இல் முழுமையானது நீண்ட வாசிப்புகளால்தான். எக்ஸோம் பற்றிய பதிலில் வந்த இரட்டை ஜீன், அடுக்கு நீளம் மாதிரியான சிக்கல்களுக்கு இது உண்மையான மருந்து.

மாட்டிக்கொள்வது டிஎன்ஏவில்தான். வழக்கமான டிஎன்ஏ கிட்டில் எடுத்து, வோர்டெக்ஸில் நன்றாக உலுக்கி, நாலு முறை உறைய வைத்து எடுத்த டிஎன்ஏ ஏற்கெனவே துண்டு துண்டாகியிருக்கும். துண்டே 8,000 பேஸ்தான் என்றால் எந்திரம் எப்படி 20,000 வாசிக்கும்? பழைய மாதிரிகளை வைத்துக்கொண்டு லாங் ரீட் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஜெல் படம்.

ஜீன் எக்ஸ்பிரஷன் பார்க்கணும். க்யூபிசிஆரா, ஆர்என்ஏ-சீக்கா?

ஒரு ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று அதன் ஆர்என்ஏவை அளந்து பார்ப்பது இது. முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான். ஐந்தாறு ஜீன்கள் எவை என்று தெரியும் என்றால் க்யூபிசிஆர், அதாவது எத்தனையாவது சுற்றில் வந்தது என்பதை வைத்து அளவு சொல்லும் பிசிஆர். ஒரு சுற்று முன்னால் வந்தால் சுமார் இரண்டு மடங்கு, மூன்றேகால் சுற்றுக்கு மேல் என்றால் பத்து மடங்கு என்று கணக்கும் எளிது. ஒப்பிட வைக்கும் ஜீன் உங்கள் சோதனையில் ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். எல்லோரும் ஜிஏபிடிஎச் வைக்கிறார்கள் என்று நீங்களும் வைக்காதீர்கள், ஆக்ஸிஜன் குறைந்த செல்களில் அதுவே எகிறும்.

எந்த ஜீன் என்றே தெரியாது என்றால் ஆர்என்ஏ-சீக், அதாவது ஆர்என்ஏவை மொத்தமாக வாசிப்பது. செல்லில் இருக்கும் ஆர்என்ஏவில் 80 சதவீதத்துக்கு மேல் ரைபோசோம் ஆர்என்ஏ, அதை ஒதுக்காமல் வாசித்தால் காசு அதிலேயே கரையும். ஆர்என்ஏ நல்ல நிலையில் இருந்தால் புரதத்துக்கான ஆர்என்ஏவின் நுனியில் இருக்கும் பாலி-ஏ வாலை வைத்துப் பிடிக்கலாம், சிதைந்திருந்தால் ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் கிட் வாங்குங்கள். ஜீனுக்கு ஜீன் ஒப்பிட 2 முதல் 3 கோடி ரீட் (வாசித்த துண்டு) போதும். மிச்சக் காசை ஆழத்தில் போடாமல் சாம்பிள் எண்ணிக்கையில் போடுங்கள்.

மூணு எலியோட ஆர்என்ஏவை ஒண்ணாக் கலந்து ஒரே சாம்பிளா அனுப்பினா செலவு மிச்சம்தானே?

செலவு மிச்சம், முடிவும் மிச்சம். மூன்றைக் கலந்து ஒன்றாக்கினால் எலிக்கு எலி எவ்வளவு மாறுகிறது என்ற தகவல் அழிந்துவிடும். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் இருக்கும் வித்தியாசம் அந்த மாற்றத்தைவிடப் பெரியதா என்றுதான் புள்ளியியல் பார்க்கிறது. ஒன்றுக்கு ஒன்று வைத்துக்கொண்டு பி மதிப்பு கேட்டால் நான் எங்கிருந்து எடுத்துத் தருவேன்? ஒரே ஆர்என்ஏவை மூன்று முறை வாசித்தாலும் இதே கதைதான், மூன்று தனித்தனி எலி வேண்டும்.

இதைவிட மோசம், கன்ட்ரோல் மூன்றையும் ஜூனில் ஒரு கிட்டிலும் மருந்து கொடுத்த மூன்றையும் தீபாவளி கழித்து வேறு கிட்டிலும் செய்துவிட்டு வருவது. ஆயிரக்கணக்கான ஜீன்கள் மாறியிருப்பதாகக் காட்டும், மருந்தாலா கிட்டாலா என்று பிரிக்க எந்த மென்பொருளாலும் முடியாது. அப்படி வந்த ஒரு மாணவியிடம் இதைச் சொன்ன நாளில் எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கத்திலிருந்தும் கலந்து எடுங்கள்.

கட்டி சாம்பிள், பாராஃபின் பிளாக்கா இருக்கு. அதுல என்ன பண்ண முடியும்?

பண்ணலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. பிளாக் செய்வதற்கு முன் கட்டியை ஊற வைக்கும் ஃபார்மலின் டிஎன்ஏவை உடைக்கும், சி எழுத்தைச் சிதைத்து டி என்று வாசிக்க வைக்கும். ஆகவே குறைந்த சதவீதத்தில் சி-டி மாற்றமாகக் கொட்டினால் கண்டுபிடிப்பு என்று குதிக்காமல் சந்தேகப்படுங்கள். யூராசிலை நீக்கும் என்ஸைம் ஒன்று போட்டால் ஓரளவு அடங்கும். சின்னத் துண்டுகளைப் பெருக்கும் பேனல் இங்கே நன்றாக வேலை செய்யும், லாங் ரீட் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கட்டியில் மாற்றம் 50 சதவீதத்தில் நிற்காது. நல்ல செல்களும் கலந்திருப்பதால் 5 சதவீதமாகக்கூட இருக்கும், அதற்கு 500எக்ஸுக்கு மேல் வாசிக்க வேண்டும், 30எக்ஸ் ஹோல் ஜீனோம் உதவாது. அதே நோயாளியின் ரத்தத்தையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லையென்றால் பிறவியிலேயே இருந்ததையும் கட்டியில் புதிதாக வந்ததையும் பிரிப்பது பாதி ஊகம்தான்.

என்ஜிஎஸ்ல வந்ததை சாங்கர்ல உறுதி பண்ணணும்னு ரிவியூவர் கேட்கிறார். பண்ணினேன், வரல. எதை நம்புறது?

சதவீதத்தைப் பாருங்கள். என்ஜிஎஸ்ஸில் 8 சதவீதமாக இருந்தது சாங்கரில் தெரியாது, மூன்றாவது கேள்வியில் காரணம் இருக்கிறது. அதற்கு டிஎன்ஏவைத் துளித்துளியாகப் பிரித்து எண்ணும் டிஜிட்டல் பிசிஆர் செய்து காட்டுங்கள். 50 சதவீதத்தை ஒட்டியிருந்தும் வரவில்லை என்றால் இரண்டு சந்தேகம். ப்ரைமர் உட்காரும் இடத்திலேயே வேறொரு மாற்றம் இருந்து ஒரு பிரதி பெருகாமல் போயிருக்கலாம், ப்ரைமரைத் தள்ளி வைத்து மறுபடி செய்யுங்கள். அல்லது அந்த இடத்துக்கு எஸ்எம்என்2 மாதிரி ஓர் இரட்டை இருந்து, என்ஜிஎஸ் ரீட் தப்பான வீட்டில் போய் உட்கார்ந்திருக்கலாம். எந்த ரீட் எங்கே பொருந்தியது என்று வைத்திருக்கும் பாம் ஃபைலை ஐஜிவி மென்பொருளில் திறந்து, மேப்பிங் தரம் பூஜ்யமா என்று ஒரு முறை கண்ணால் பாருங்கள், பாதி நேரம் அங்கேயே விடை இருக்கும்.

எங்க நோயாளிகிட்ட கிடைச்ச மாற்றம் எந்த டேட்டாபேஸ்லயும் இல்ல. அப்போ அதுதானே காரணம்?

அவசரப்படாதீர்கள். உலக டேட்டாபேஸ்களில் ஐரோப்பியர்களே அதிகம். நம் ஊரில் பல சமூகங்கள் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணமுடித்து வருவதால், அங்கே அரிதாகத் தெரியும் ஒன்று இங்கே ஒரு சமூகத்தில் சர்வசாதாரணமாக இருக்கலாம். 4 சதவீதம் பேரிடம் இருக்கும் அந்த 25 பேஸ் மாற்றமே நல்ல உதாரணம். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் ஹோல் ஜீனோம் வாசிக்கப்பட்டு, தரவு 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. அதில் தேடுங்கள். அதே சமூகத்தைச் சேர்ந்த நோயில்லாத நூறு பேரிடம் ஒரு எளிய பிசிஆர் வைத்துப் பார்த்தாலும் பல கனவுகள் கலைந்துவிடும்.

இதெல்லாம் என் லேப்டாப்ல ஓடுமா?

பேனல் ஓடும். எக்ஸோம் 16 ஜிபி ராமில் இராத்திரி முழுக்க ஓடும். ஹோல் ஜீனோம் ஒரு ஆளுக்கு ஃபாஸ்ட்க்யூ மட்டுமே 50 முதல் 100 ஜிபி வரை போகும், நடுவில் உருவாகும் ஃபைல்களையும் சேர்த்து 300 ஜிபி காலியாக வைத்துக்கொள்ளுங்கள், சர்வர் இல்லாமல் இறங்காதீர்கள். ஆர்என்ஏ-சீக்கில் ஸ்டார் மென்பொருளுக்கு மனித ஜீனோம் என்றால் 30 ஜிபி ராம் வேண்டும். இல்லாவிட்டால் சால்மன் என்ற மென்பொருளைப் போடுங்கள், சின்ன எந்திரத்திலேயே முடித்துவிடும்.

சாம்பிள் இன்னும் அனுப்பல. அனுப்புறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்தா என்ன கொண்டு வரணும்?

இப்படிக் கேட்டு வந்தவர்கள் மொத்தம் மூன்று பேர், மூவருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தாளில் எந்த வகை மாற்றத்தைத் தேடுகிறீர்கள் என்று எழுதி வாருங்கள்: ஓர் எழுத்தா, எக்ஸான் அழிவா, அடுக்கா, இடமாற்றமா, அளவா. பக்கத்தில் எத்தனை சாம்பிள், எதிலிருந்து எடுத்தது, டிஎன்ஏ எப்படி இருக்கிறது என்றும் குறித்துவிடுங்கள். எத்திக்ஸ் அனுமதியும் நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதலும் எக்ஸோமுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள், ஒரு ஜீனுக்கு வாங்கிய ஒப்புதலை வைத்துக்கொண்டு 20,000 ஜீனையும் வாசிக்க முடியாது.

லேபிடம் கொட்டேஷன் வாங்கும்போதே ஃபாஸ்ட்க்யூ தருவீர்களா, வெறும் பிடிஎஃப் ரிப்போர்ட்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எந்தக் கிட், அதன் பெட் ஃபைல் (எந்தெந்தப் பகுதியை வாசிக்கிறது என்ற பட்டியல்), ரெஃபரன்ஸ் ஜீனோமின் பதிப்பு ஜிஆர்சிஎச்37-ஆ 38-ஆ, இதெல்லாமும் அதே மின்னஞ்சலில் வரட்டும். 37-இல் இருக்கும் பெட் ஃபைலை 38-இல் போட்டுவிட்டு "கவரேஜ் பூஜ்யம்" என்று பதறி ஃபோன் செய்தவர்கள் இந்த வருஷம் மட்டும் இரண்டு பேர்.